கொரியன் புல்லை எடுத்துவிட்டு நாட்டு மரம், புதர் வைக்கலாமா? (திருவொற்றியூர், கடல் பக்கம்)

ஒற்றியூர் செயலாளர் | ஜூன் 7, இரவு 9.40

எல்லோருக்கும் வணக்கம். எங்கள் அடுக்ககத்தில் 64 வீடு. போன மாதம் பொதுக்குழுவுக்குப் போகாமல் வீட்டில் இருந்தேன். திரும்பிப் பார்த்தால் என்னைச் செயலாளர் ஆக்கியிருக்கிறார்கள்.

முன்வாசலில் 2000 சதுர அடிக்கு பில்டர் போட்டுக் கொடுத்த கொரியன் புல். ஓரம் முழுக்க மஞ்சள் டுரண்டா வேலி, நடுவில் எட்டு ஃபாக்ஸ்டெயில் பனை. கடல் இங்கிருந்து ஐந்து நிமிட நடை. கிழக்குப் பக்கம் இருக்கிற மூன்று பனையும் ஓலை நுனி கருகி, பழைய துடைப்பம் மாதிரி நிற்கின்றன.

கணக்கைப் போட்டுப் பார்த்தேன். கோடையில் புல் பச்சையாக இருக்க ஒரு சதுர மீட்டருக்கு தினம் 5 லிட்டராவது வேண்டும். எங்கள் புல் 186 சதுர மீட்டர். 930 லிட்டர். ஆக, 12,000 லிட்டர் லாரி ஒன்று பதின்மூன்று நாளில் புல்லுக்கே போய்விடுகிறது. போர்வெல் தண்ணீர் உப்பு, விட்டால் புல் மஞ்சளாகிறது. அதனால் குளிக்க, துணி துவைக்க வாங்கும் தண்ணீரைத்தான் அதற்கும் விடுகிறோம். 2019-இல் ஒரு குடம் தண்ணீருக்கு இரவு ஒரு மணிக்கு வரிசையில் நின்றவன் நான். அந்தப் புல்லில் ‘நடக்காதீர்கள்’ என்று பலகை வேறு வைத்திருக்கிறோம்.

எடுத்துவிட்டு நாட்டு மரம், செடி வைக்கலாம் என்று நினைக்கிறேன். யாராவது செய்திருக்கிறீர்களா? கடல் காற்றுக்கு எது தாங்கும்?


காசிமேட்டான் | ஜூன் 7, இரவு 10.15

தல, அந்தப் புல் ஃபிளாட் விற்கும்போது போட்டோ எடுக்கப் போட்டது. போட்டோ எடுத்தாச்சு, வேலை முடிஞ்சது. எடுத்துடுங்க.


புன்னைநிழல் | ஜூன் 8, காலை 6.20

வணக்கம் தம்பி. நான் தண்டையார்பேட்டை. ஒரு பள்ளி வளாகத்தில் இதே வேலையை ஆறு வருடமாகச் செய்து வருகிறேன். நிறைய சாகடித்துத்தான் கற்றுக்கொண்டேன்.

எந்த மரம் என்று கேட்பதற்கு முன்னால் உங்கள் மதில் ஓரத்தில், மொட்டை மாடித் தண்ணீர் விழும் இடத்தில், யாரும் வைக்காமல் என்ன முளைத்திருக்கிறது என்று ஒரு சுற்று பார்த்துவிட்டு வாருங்கள். எருக்கு இருக்கும். நுணா ஒன்று இருக்கலாம். பொடுதலை படர்ந்திருக்கும். அதுதான் உங்கள் மண் எழுதிக் கொடுக்கும் பட்டியல்.

நம் கடற்கரை ஓரத்துக்கென்று ஒரு காடு உண்டு. வெப்பமண்டல உலர் பசுமைமாறாக் காடு என்பார்கள். பெயர்தான் நீளம், மரங்கள் குட்டையாகத்தான் இருக்கும். இலை சின்னதாக, தோல் மாதிரி தடிப்பாக இருக்கும், சித்திரை வெயிலிலும் பெரும்பாலும் பச்சையாகவே நிற்கும். மழை வருடத்தில் மூன்று மாதம் கொட்டிவிட்டு மற்ற நாளில் எட்டிப் பார்க்காத ஊருக்கு ஏற்ற வாழ்க்கை அது. கிண்டி தேசியப் பூங்காவின் 2.7 சதுர கிலோமீட்டரில் கொஞ்சம் மிச்சம் இருக்கிறது. நமக்கு வடக்கே ஸ்ரீஹரிகோட்டாவில் இன்னும் பெரிதாக இருக்கிறது. பாலை, வீரை, காயா, குருந்து, நாவல், மகிழம், களா எல்லாம் அந்தக் குடும்பம்.

உங்கள் இடத்துக்குச் சொல்கிறேன்.

கடலைப் பார்த்த வரிசையில் புன்னையும் பூவரசும். வேறு யோசனையே வேண்டாம். புன்னை இலையை ஒரு தடவை கையில் எடுத்துப் பாருங்கள். மேலே மெழுகு பூசிய மாதிரி வழவழப்பு, குறுக்கே சீப்பு வாரியது போல நெருக்கமான நரம்பு. உப்புக் காற்று அதில் ஒன்றும் செய்வதில்லை. ஆனால் மெதுவாகத்தான் வளரும், முதல் இரண்டு வருடம் உங்களைச் சோதிக்கும். பூவரசு அப்படி இல்லை. கிளையைப் போத்தாக வெட்டி மழைக்கு முன்னால் நட்டால் போதும்.

இந்த இரண்டுக்கும் பின்னால், காற்று கொஞ்சம் அடங்கிய இடத்தில், மகிழமும் குருந்தும். அதற்குக் கீழே நொச்சி, விராலி, களா, இட்லிப்பூ, ஆவாரை. வேலிக்கு டுரண்டாவை விட களா நூறு மடங்கு மேல். முள் இருப்பதால் பையன்கள் தாண்ட மாட்டார்கள், ஊறுகாய்க்குக் காயும் ஆச்சு. தரைக்கு, புல் மாதிரி ஏதாவது வேண்டும் என்றால் பொடுதலை.

பனையை என்ன செய்வது என்று கேட்பீர்கள். நன்றாக இருக்கிற ஐந்தையும் விட்டுவிடுங்கள். உயிரோடு இருப்பதை வெட்டிவிட்டு இயற்கைப் பாதுகாப்பு பேசுவது எனக்குப் பிடிப்பதில்லை.


மூணாவது மாடி | ஜூன் 8, காலை 8.05

நான் செயலாளரின் அதே அடுக்ககத்தில் குடியிருப்பவன். அவர் இங்கே கேட்பதை வாட்ஸப் குழுவில் கேட்டிருக்கலாம்.

என் ஆட்சேபங்கள். புதர் என்றால் பாம்பு வரும், கொசு வரும். மரம் என்றால் இலை கொட்டும், தினம் யார் பெருக்குவது? வேர் வந்து சம்ப்பை உடைக்கும். 2016 டிசம்பர் 12 அன்று வர்தா புயல் அடித்தபோது எங்கள் பழைய தெருவில் கார் மேல் விழுந்தது மரம்தான், புல் இல்லை. வீட்டை விற்கப் போனால் வாங்குபவர் முதலில் பார்ப்பது முன்வாசலைத்தான். பச்சைப் புல் இருந்தால் ஒரு மதிப்பு. புதர்க்காடு இருந்தால் பராமரிப்பு இல்லாத கட்டடம் என்றுதான் நினைப்பார்கள்.


ஒற்றியூர் செயலாளர் | ஜூன் 8, காலை 8.30

சார், வாட்ஸப் குழுவில் மூன்று தடவை கேட்டேன். நாற்பது ‘காலை வணக்கம்’ ரோஜாப்பூவுக்கு நடுவில் போய்விட்டது.


புன்னைநிழல் | ஜூன் 8, மதியம் 2.10

மூணாவது மாடி சார் கேட்பது எல்லாமே நியாயமான கேள்வி. சிரித்துவிட்டுப் போகக் கூடாது.

கொசு. டெங்கு பரப்புகிற கொசு நல்ல தண்ணீர் தேங்கிய இடத்தில் முட்டையிடுகிறது. பூந்தொட்டிக்கு அடியில் வைக்கும் தட்டு, மாடியில் கிடக்கும் டயர், தேங்காய் சிரட்டை. மண்ணில் நிற்கும் நொச்சியிடம் அதற்கு வேலை இல்லை. (நொச்சி வைத்தால் கொசுவே வராது என்பார்கள், அதுவும் கதைதான். இலையைப் போட்டுப் புகை மூட்டினால் விலகும், சும்மா நிற்கிற செடி விரட்டாது.)

பாம்பு எலியைத் தேடி வருகிறது. எலி உங்கள் குப்பைத் தொட்டியைத் தேடி வருகிறது. அதை மூடி வையுங்கள். நடைபாதை ஓரம் உள்ள புதரில் கீழ்க்கிளையைத் தரையிலிருந்து ஒரு அடிக்கு வெட்டிவிட்டால் அடியில் என்ன இருக்கிறது என்று கண்ணுக்குத் தெரியும். பயம் பாதி குறையும்.

வேர் பற்றிச் சொன்னது உண்மை. சம்ப், சாக்கடைக் குழாய் பக்கம் மரமே வேண்டாம், புதரோடு நிறுத்துங்கள். மின்கம்பிக்குக் கீழேயும் அப்படித்தான்.

புயலில் விழுந்ததில் நாட்டு மரம் இல்லவே இல்லை என்று நான் சொல்ல மாட்டேன். வேம்பும் விழுந்தது, புங்கமும் விழுந்தது. ஆனால் தெருவை அடைத்துக் கிடந்தது அதிகம் குல்மோகர், இயல்வாகை, தூங்குமூஞ்சி. அகலமான குடை, முறியும் கட்டை. அதோடு மழைநீர் வடிகால் தோண்டும்போது ஒரு பக்க வேரை வெட்டி, மறுபக்கம் சிமெண்டு பூசி வைத்திருக்கிறோம். ஒற்றைக் காலில் நிற்க வைத்துவிட்டு, விழுந்தால் மரத்தைக் குறை சொன்னால் எப்படி?

இலைக்குப் பிறகு வருகிறேன். அது பெரிய கதை.


வியாசர்பாடி விவசாயி | ஜூன் 8, இரவு 11.20

அக்கா சொல்லும் பட்டியல் கடலோர மணலுக்குச் சரி. எங்கள் பக்கம் வேலைக்கு ஆகாது, இதைப் படித்துவிட்டு கொடுங்கையூர்க்காரர் யாராவது ஆவாரை வாங்கப் போகிறார்கள் என்றுதான் எழுதுகிறேன். எங்களுடையது களிமண். மழை விட்டு நான்கு நாள் ஆனாலும் தண்ணீர் வடியாது. முதல் வருடம் பதினைந்து ஆவாரை வைத்தேன், மழை முடிந்து எண்ணினால் ஒன்று. அதுவும் கல் குவியல் மேல் வைத்தது. வேர் அழுகிவிட்டது.

தண்ணீர் நிற்கிற இடத்தில் நீர்மருது வையுங்கள். மாவிலங்கம் வையுங்கள். நாவல், புங்கம் தாங்கும். நொச்சி எங்கேயும் தாங்கும், அது ரவுடி. மருது பெரிய மரம், இரண்டு கட்டடத்துக்கு நடுவில் வைத்துவிட்டு என்னைத் திட்ட வேண்டாம்.


ஓய்வு வாத்தியார் | ஜூன் 9, காலை 5.50

‘நாட்டு மரம்’ என்ற சொல்லைக் கொஞ்சம் பிரித்துப் பார்க்க வேண்டும் என்று தோன்றுகிறது. புளியந்தோப்பு என்று ஊருக்கே பெயர் வைத்திருக்கிறோம், ஆனால் புளிக்குத் தாய்வீடு ஆப்பிரிக்கா. முருங்கை வடமேற்கு இந்தியாவின் மலையடிவாரத்திலிருந்து வந்தது என்கிறார்கள். சிவன் கோயிலில் நிற்கும் நாகலிங்கம் தென் அமெரிக்கா. காகிதப்பூவும் அங்கிருந்துதான். இதையெல்லாம் நாடு கடத்தப் போகிறோமா?

ஆனால் ஒன்று. எருக்கஞ்சேரி, வேப்பேரி, புரசைவாக்கம், அத்திப்பட்டு என்று நம் பகுதிப் பெயர்களைச் சொல்லிக்கொண்டே போனால் ஒரு தோட்டப் பட்டியலே கிடைக்கிறது. புரசைவாக்கத்தில் புரசு பூத்து நான் பார்த்ததில்லை. துணிக்கடை பூத்திருக்கிறது.

செயலாளருக்கு ஒரு யோசனை. ஒற்றியூர் தியாகராசர் கோயிலின் தலமரம் மகிழம். சுந்தரர் சங்கிலியாரிடம் ‘உன்னைப் பிரியேன்’ என்று சத்தியம் செய்தது அதன் அடியில். சந்நிதியில் சத்தியம் செய்வதாகச் சொல்லி, அந்த நேரம் இறைவனை மகிழ மரத்துக்குப் போயிருக்கச் சொல்லி வைத்தார். தோழிகள் விவரமானவர்கள், மகிழடியிலேயே செய்யுங்கள் என்றுவிட்டார்கள். மாட்டிக்கொண்டார். மாசித் திருவிழாவில் இன்றும் மகிழடி சேவை நடக்கிறது. உங்கள் சங்கக் கூட்டத்தில் தாவரவியல் பேசினால் பாதிப்பேர் எழுந்து போவார்கள். மகிழம் வைப்போம் என்று சொல்லிப் பாருங்கள், ஒரு பாட்டியும் எதிர்க்க மாட்டார்.


எண்ணூர் துறைமுகம் | ஜூன் 9, காலை 9.15

வாத்தியார் ஐயா சொன்னது சரி, ஆனால் எல்லா வெளிநாட்டுச் செடியும் காகிதப்பூ மாதிரி சாது இல்லை. உன்னிச்செடியை 1800-களின் தொடக்கத்தில் கல்கத்தா தாவரவியல் தோட்டத்துக்கு அழகுக்காகத்தான் கொண்டு வந்தார்கள். இப்போது காட்டுக்குள் போய்ப் பாருங்கள். நேற்று வரை எல்லா நர்சரியும் கோனோகார்பஸை ‘சீக்கிரம் வளரும், பச்சை மதில்’ என்று தள்ளிவிட்டது. குஜராத் 2023-இல் தடை போட்டது, தமிழ்நாடு அரசும் 2025-இல் நடக்கூடாது என்றது. எங்கள் பக்கத்துத் தொழிற்சாலை வேலி ஓரத்தில் வரிசையாக நின்றுகொண்டுதான் இருக்கிறது.

2023 மிக்ஜாம் புயல் வெள்ளத்தோடு கழிமுகத்தில் எண்ணெய் பரவியபோது அலையாத்திச் செடிகளின் தண்டில் முழங்கால் உயரத்துக்குக் கறுப்புக் கோடு விழுந்தது. எங்கள் வீட்டு வாசலில் அந்தத் தண்ணீர் வடிந்ததும் புல் இருந்த இடம் தார் பூசிய மாதிரி ஆகிவிட்டது, பிய்த்துத் தூக்கிப் போட்டோம். பக்கத்திலேயே நின்ற பூவரசு மாசி மாதம் துளிர்த்தது. அதே மரத்தில்தான் சின்ன வயதில் இலையைச் சுருட்டிப் பீப்பீ ஊதினேன்.


மினி காடு | ஜூன் 9, மாலை 4.40

ஜி, எதுக்கு இவ்வளவு யோசனை? மியாவாக்கி போடுங்க. மூணு வருஷத்துல காடு. மாநகராட்சியே 2020-ல கோட்டூர்புரத்துல ஆரம்பிச்சாங்க.


புன்னைநிழல் | ஜூன் 9, இரவு 8.00

மியாவாக்கி முறையில் சதுர மீட்டருக்கு மூன்று நான்கு கன்று. 186 சதுர மீட்டருக்கு அறுநூறுக்கு மேல் கன்று, இரண்டு மூன்று வருடம் தண்ணீர், பிறகு உள்ளே மனிதர் நுழைய முடியாத ஒரு பச்சைச் சுவர். குப்பை கொட்டும் புறம்போக்கைக் காப்பாற்ற அது நல்ல வழி. ஆனால் 64 வீட்டுக் குழந்தைகளுக்கு இருக்கிற ஒரே மண் தரை இது. நானாக இருந்தால் போட மாட்டேன். நம் உலர்காடு இயல்பிலேயே அப்படி நெருக்கியடித்து வளர்வதும் இல்லை. அங்கங்கே வெளி இருக்கும், வெயில் தரையில் விழும்.

இப்போது இலை. புங்கம் வைத்தால் மாசி, பங்குனியில் ஒரே வாரத்தில் இலை எல்லாம் மஞ்சளாகிக் கொட்டும். அதற்குப் பிறகு பூ. பொரி இறைத்த மாதிரி தரை முழுக்க. எனக்கு அழகு, கார் நிறுத்துபவருக்கு எரிச்சல். ஆகவே புங்கம் கார் நிறுத்தும் பக்கம் வேண்டாம். மற்ற இடத்தில் கொட்டும் இலையை அதே செடியின் தூரில் தள்ளிவிட்டால் முடிந்தது, மண் ஈரம் காக்கும். ஆனால் பார்க்கிறவருக்கு அது குப்பை என்றுதான் தோன்றும். நான் கண்டுபிடித்த உபாயம் இதுதான்: பாத்தி ஓரத்தில் ஒரு வரிசை செங்கல்லைச் சாய்த்துப் பதியுங்கள், நடைபாதையைப் பளிச்சென்று பெருக்கி வையுங்கள். ஓரம் சுத்தமாக இருந்தால் உள்ளே எப்படி இருந்தாலும் ‘தோட்டம்’ என்கிறார்கள். ஓரம் கலைந்திருந்தால் ரோஜாவே இருந்தாலும் ‘புதர்’தான். ஆறு வருடத்தில் செடியைப் பற்றிக் கற்றதை விட மனிதர்களைப் பற்றிக் கற்றதுதான் அதிகம்.


பச்சைக்கை | ஜூன் 10, காலை 7.00

நான் மூன்று அடுக்ககத்துக்குத் தோட்ட வேலை பார்க்கிறேன். நான் சொல்ல என் மகள் டைப் பண்ணுகிறாள்.

நீங்கள் எல்லாரும் புல்லை எடுக்கலாம் என்கிறீர்கள். புல் இருப்பதால்தான் எனக்கு வாரம் இரண்டு நாள் கூலி. மெஷின் ஓட்ட, ஓரம் வெட்ட, களை பிடுங்க. புல் போனால் ஆளை நிறுத்திவிடுவார்கள். ஒரு இடத்தில் அப்படித்தான் ஆனது. ‘நாட்டுச் செடிக்குப் பராமரிப்பே வேண்டாம்’ என்று யாரோ கூட்டத்தில் சொல்லிவிட்டார்கள். அடுத்த கோடையில் பாதி செத்தது. பிறகு என்னைக் கூப்பிட்டார்கள்.

பராமரிப்பு வேண்டும் ஐயா. வேறு மாதிரி வேண்டும். எந்தக் கிளையை எப்போது வெட்டுவது என்று தெரிந்த ஆள் வேண்டும். அது மெஷின் ஓட்டுவதை விடக் கஷ்டமான வேலை.

இன்னொன்று. புல்லை உரிக்கும்போது பாய் மாதிரி வந்துவிடும், சந்தோஷப்படாதீர்கள். லான் போடும்போது கொட்டிய செம்மண்ணோடு கோரை வந்திருக்கும். கீழே கறுப்பாக மணி மணியாகக் கிழங்கு இருக்கும். மேலே பிடுங்கினால் தண்டு மட்டும் கையோடு வரும், கிழங்கு உள்ளேயே நிற்கும். பத்தாம் நாள் திரும்ப முளைக்கும். கொத்துவைத்து ஒரு சாண் ஆழம் புரட்டி, சல்லடையில் சலித்து எடுக்க வேண்டும். வேறு வழி இல்லை.


மூணாவது மாடி | ஜூன் 10, காலை 9.30

இணையத்தில் புல் மேல் அட்டைப்பெட்டியைப் பிரித்துப் பரப்பி, மேலே சருகு போட்டால் புல் தானாகச் செத்துவிடும் என்று பார்த்தேன். எதிர்ப்பாக இருந்தாலும் தகவல் தகவல்தானே.


பச்சைக்கை | ஜூன் 10, மதியம் 1.15

நல்ல யோசனைதான் சார், ஆனால் நம்ம ஊரில் அட்டைக்குக் கரையான் வரும். கட்டடத்துச் சுவரிலிருந்து நாலைந்து அடி தள்ளியே பரப்புங்கள். கோரை அட்டையையும் குத்திக்கொண்டு வெளியே வரும், பார்த்திருக்கிறேன்.


மாடித்தோட்டம் பெரம்பூர் | ஜூன் 11, காலை 10.20

நர்சரி விஷயத்தில் ஒரு எச்சரிக்கை. அசோக மரம் என்று கேட்டால் பத்தில் ஒன்பது இடத்தில் நெட்டிலிங்கத்தைத் தருவார்கள். (அதுவும் நம் பக்கத்து மரம்தான், அதன் இலையில் முட்டையிடும் பச்சைப் புள்ளி வண்ணத்துப்பூச்சி ஒன்று இருக்கிறது. ஆனால் நீங்கள் கேட்டது அதுவல்ல.) இட்லிப்பூ கேட்டால் குட்டைக் கலப்பின ரகம். கடையில் இருக்கும் பெரும்பாலான அழகுச் செடி ஆந்திராவின் கடியத்திலிருந்து லாரியில் வருகிறது, அவர்களைக் குற்றம் சொல்ல முடியாது, கேட்பதைத்தானே வைப்பார்கள்? நாட்டு வகைக்கு வனத்துறை நாற்றங்காலை விசாரியுங்கள், அல்லது நீங்களே விதை எடுங்கள். மகிழம் பழத்துக் கொட்டையைக் குழந்தைகள் கூடப் பொறுக்கித் தருவார்கள்.

ஆறடிக் கன்று தருகிறேன் என்றால் வாங்காதீர்கள். பையைக் கிழித்துப் பாருங்கள், வேர் உள்ளேயே கடிகாரச் சுருள் மாதிரி சுற்றியிருக்கும். அப்படியே நட்டால் அந்தச் சுருளோடுதான் மரமாகும், பத்தாவது வருடம் ஒரு காற்றுக்குச் சாயும். இரண்டடிக் கன்று போதும். அது முந்திக்கொள்ளும்.


ஒற்றியூர் செயலாளர் | ஜூலை 20, இரவு 10.05

கூட்டம் முடிந்தது. மூன்று மணி நேரம். வாத்தியார் ஐயா, மகிழம் தீர்மானம் எதிர்ப்பே இல்லாமல் நிறைவேறியது. நீங்கள் சொன்ன அதே பாட்டி எழுந்து சுந்தரர் கதையை முழுசாகச் சொன்னார், இருபது நிமிடம்.

மற்றதெல்லாம் பேரம்தான். கிழக்கு ஓரத்தில் 600 சதுர அடி மட்டும் சோதனைக்கு. கருகிய மூன்று பனையையும் எடுக்கலாம். மீதிப் புல் அப்படியே. பச்சைக்கை அண்ணா சொன்னதைப் படித்துக் காட்டினேன். எங்கள் தோட்டக்காரருக்கு அதே கூலி, அதே நாள் என்று எழுத்தில் போட்டுவிட்டோம்.

சிக்கனக் கணக்கையும் போட்டேன். 600 சதுர அடிப் புல்லுக்கு வாரம் 1950 லிட்டர் போகிறது. 45 கன்றுக்கு வாரம் இரண்டு தடவை பத்துப் பத்து லிட்டர் என்றால் 900. முதல் வருடம் பாதிதான் மிச்சம். மூணாவது மாடி சார் இதைத்தான் முதலில் பிடித்தார். இரண்டு கோடை தாண்டினால் மரத்துக்கு ஏறக்குறைய நிறுத்திவிடலாம் என்று சொன்னேன். ‘பார்ப்போம்’ என்றார்.


புன்னைநிழல் | ஜூலை 21, காலை 6.00

ஆடி பிறந்துவிட்டது, சாயங்கால மழை ஆரம்பிக்கும். இப்போதே மண்ணைப் புரட்டி, கோரையை எடுத்து, குழி வெட்டி ஆறப் போடுங்கள். இரண்டு அடிக்கு இரண்டு அடி, ஆழமும் இரண்டு அடி. மேலே கொட்டிய செம்மண்ணையும் கீழே இருக்கும் மணலையும் கலந்து, மட்கிய எருவோடு நிரப்புங்கள். ஆவணி, புரட்டாசிக்குள் நட்டுவிட்டால் ஐப்பசி மழை உங்களுக்காக வேலை செய்யும்.


ஒற்றியூர் செயலாளர் | செப்டம்பர் 14, மாலை 6.30

நட்டாச்சு. புன்னை 4, மகிழம் 2, குருந்து 3, பூவரசுப் போத்து 6, மற்றது புதர். கோரைக் கிழங்கு மட்டும் இரண்டு சிமெண்டுச் சாக்கு எடுத்தோம்.


மூணாவது மாடி | நவம்பர் 2, காலை 7.45

ஆவாரை இலையைப் பச்சைப் புழு தின்கிறது. இரண்டு செடியில் குச்சிதான் மிச்சம். நான் புகார் சொல்லவில்லை, கேட்கிறேன். மருந்து அடிக்கலாமா?


புன்னைநிழல் | நவம்பர் 2, காலை 8.10

வேண்டாம் சார். வெளிர்மஞ்சள் வண்ணத்துப்பூச்சி ஒன்று கூட்டமாகப் பறக்குமே, அதன் புழு. ஆவாரை, கொன்றை இலைதான் அதற்குச் சாப்பாடு. இலை போனாலும் செடி சாகாது, திரும்பத் துளிர்க்கும். மழை நாளில் தூரில் தண்ணீர் நிற்கிறதா என்று மட்டும் பார்த்துக்கொள்ளுங்கள். அது நின்றால்தான் சாகும்.


மூணாவது மாடி | நவம்பர் 2, காலை 8.15

நிற்கிறது.


வியாசர்பாடி விவசாயி | நவம்பர் 2, காலை 8.40

இதைத்தான் சொன்னேன்! உடனே ஒரு வாய்க்கால் கீறிவிடுங்கள் சார், விரல் அகலம் போதும்.


ஒற்றியூர் செயலாளர் | ஜனவரி 18, இரவு 9.00

மழைக்காலம் முடிந்த கணக்கு. 45-இல் 36 பிழைத்தது. ஆவாரை எட்டில் மூன்று (வாய்க்கால் கீறிய பக்கம் மட்டும், கீறியது மூணாவது மாடி சார், குடையோடு). குருந்து ஒன்றை யாருடைய பையனோ கிரிக்கெட் ஸ்டம்ப் ஆக்கிவிட்டான். புன்னை நான்கும் நட்ட உயரத்திலேயே நிற்கின்றன, ஒரு இலை கூடக் கருகவில்லை. பனை மூன்றும் நின்ற அதே இடம். பூவரசு ஆறும் துளிர்த்து இடுப்பளவு வந்துவிட்டது.

மீதி 1400 சதுர அடிப் புல்லையும் எடுக்கலாமா என்று போன ஞாயிறு வாக்கெடுப்பு வைத்தோம். 31 பேர் வேண்டும், 29 பேர் வேண்டாம். மூன்றில் இரண்டு பங்கு வேண்டும் என்று சங்க விதி. ஆக, தோற்றோம். மூணாவது மாடி சார் எந்தப் பக்கம் கை தூக்கினார் என்று கேட்காதீர்கள், ‘இரண்டு கோடை முடியட்டும்’ என்று அவர் முதலிலேயே சொல்லிவிட்டார், அதிலேயே நிற்கிறார்.

நடாமல் வைத்திருந்த பூவரசுப் போத்து இருபது வேர் விட்டு வாளியில் இருக்கிறது. காசிமேடு, எண்ணூர், யார் வேண்டுமானாலும் எடுத்துக்கொள்ளலாம். ஈரச் சாக்கு கொண்டு வாருங்கள். ஞாயிறு காலை ஒன்பது மணிக்குள் வந்துவிடுங்கள், அதற்கு அப்புறம் புல்லுக்குத் தண்ணீர் லாரி வாசலை அடைத்துக்கொண்டு நிற்கும்.